ஆடியில மாத்துன இன்ஜின்

நாகஜோதிய எங்க ஆபீசுக்கு வார சனத்துல பாதிப் பேரு கண்ணால பாத்தது கிடையாது. ராஜபாளையத்துல மெயின் ரோட்டு மேல, மருந்துக்கடைக்கு மாடியில இருக்கு எங்க திருமணத் தகவல் மையம். முன் ரூம்ல நான் இருப்பேன். என் பேரு முத்துப்பேச்சி. போன் எடுக்கது, வார ஆளுகள ஃபேனுக்கு அடியில உக்கார வைக்கது, அழுதா தண்ணி குடுக்கது, கத்துனா பதிலுக்குக் கத்துதது, இம்புட்டும் என் வேலை. பின் ரூம்ல, கதவ ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல இருப்பா நாகஜோதி.

அவள ஏன் பின்னால வச்சிருக்கோம்னு கேளுங்க. அவ புருசன்கிட்ட இருந்து அத்துட்டு வந்த பிள்ளை. எங்க முதலாளி வேல்பாண்டி அண்ணாச்சி ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, நல்ல மனுசன்தான், ஆனா இந்த விசயத்துல மட்டும் பழைய ஆளு. "கல்யாணம் பேசுத இடம் பாரு, வார சனம் முகம் சுளிச்சிரும்"னாரு. எனக்கு அதக் கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கலாம்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள நாகஜோதி சிரிச்சுக்கிட்டே, "விடுங்கக்கா, பின் ரூம்லதான் ஏசி இருக்கு"ன்னு உள்ள போயி உக்காந்துட்டா. அப்படி ஒரு பிள்ளை. மனசுக்குள்ள என்ன இருந்தாலும் முகத்துல காட்ட மாட்டா.

ஊரு மம்சாபுரம். அப்பா கொத்தனாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொம்பளப் பிள்ளைக காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சா. பொறவு சென்னையில ஒரு சேலை விக்கிற வெப்சைட்டுக்கு வேலைக்குப் போனா. "மெரூன் கலர் பட்டு"ன்னு அடிச்சா மெரூன் பட்டு மட்டும் வரணும், நைட்டி வரக் கூடாது பாருங்க, அந்த வேலை. அங்க கத்துக்கிட்டதுதான் இந்தத் தேடுத இன்ஜின். எங்க வாயில அது இன்ஜின்தான், மோட்டாரு இன்ஜின் மாதிரி. ஊர்ல வந்து கல்யாணம் பண்ணி வச்சாங்க. அவன் எப்படிப்பட்டவன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா என் வாயிதான் நாறும். அவ ஒரு பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டா, அம்புட்டுத்தான்.

எங்ககிட்ட வேலைக்குச் சேந்த கதையே ஒரு கூத்து. வேலை கேட்டு வரல அவ. படியேறி வந்து, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "உங்க வெப்சைட்ல நான் இன்னும் கல்யாணம் ஆகாத பொண்ணாவே இருக்கேன். கட்டி, அத்து, கோர்ட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். முதல்ல என்னைய அதுல இருந்து எடுங்க"ன்னா. அண்ணாச்சி திருதிருன்னு முழிக்காரு. எடுக்கத் தெரிஞ்சாத்தான! அவளே கம்ப்யூட்டர்ல உக்காந்து அவ பேர எடுத்துட்டு, செத்த நேரம் எதையோ நோண்டிப் பாத்துட்டு, "இது தேடலே இல்ல அண்ணாச்சி, குத்துமதிப்பு. நான் சரியா ஒண்ணு கட்டித் தாரேன்"னா. மறுநாள்ல இருந்து வேலைக்கு வந்துட்டா.

அவ கட்டுன பொறவு எங்க மையம் நின்னு நிலைச்சுச்சு. வயசு, படிப்பு, நட்சத்திரம், வேலை, எதக் குடுத்தாலும் அதுக்கேத்த வரன் டக்குடக்குன்னு வந்து விழும். அதுல முக்கியமான ஒண்ணு பங்காளிக் கணக்கு. எங்க பக்கம் ஒரே குலசாமியக் கும்புடுதவுக பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. பொண்ணு குடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. மத்த ஊரு வெப்சைட்டுக்கெல்லாம் இது எங்க தெரியுது? தங்கச்சிய அண்ணனுக்குக் காட்டிக் குடுத்துரும். நாகஜோதி என்ன பண்ணுனான்னா, யாருக்குத் தேடுதோமோ அவிய குலசாமி பேரு உள்ள ஆளுக அம்புட்டுப் பேரையும் தூக்கிட்டுத்தான் மிச்சத்தக் காட்டணும்னு இன்ஜினுக்குச் சொல்லி வச்சிட்டா. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கல. "எங்களிடம் பங்காளி வரன் வராது"ன்னு போர்டுலயே எழுதிப் போட்டுட்டாரு.

இப்படிப் போயிக்கிட்டு இருந்தப்பத்தான் சர்வர்க் கம்பெனிக்காரன்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. நீங்க வச்சிருக்க இன்ஜின் ரொம்பப் பழைய வெர்ஷன், இனி அதை நாங்க பாத்துக்கிட மாட்டோம், புது வெர்ஷனுக்கு மாறிக்கிடுங்கன்னு. அண்ணாச்சி, "ஓடுத வண்டிய ஏன் மாத்தணும்?"னாரு. நாகஜோதி, "நாளைக்கு நடுரோட்டுல நின்னா தள்ள ஆளு வராது அண்ணாச்சி"ன்னா. எப்ப மாத்தலாம்னு பேச்சு வந்தப்ப அவ சட்டுன்னு சொன்னா, "ஆடியில."

நல்ல யோசனைதான். ஆடி மாசம் எந்த வீட்டுலயும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க. பொண்ணு பாக்க மாட்டாங்க, போன் பண்ண மாட்டாங்க. எனக்கெல்லாம் அந்த மாசம் உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கும். எது கோளாறானாலும் ஒரு சனத்துக்கும் தெரியாம சரி பண்ணிக்கிடலாம்னு அவ கணக்கு.

நான் போயி எட்டிப் பாத்தா, புது வெர்ஷன்ல என்னென்ன மாறிருக்குன்னு பக்கம் பக்கமாப் படிச்சுக்கிட்டு இருக்கா. "எல்லாத்தையும் மாத்திப்புட்டான்க்கா. முன்ன எப்படிக் கேட்டமோ அப்படிக் கேட்டா இப்ப பதில் சொல்ல மாட்டான். எத்தனை பேருன்னு கேட்டா முன்ன வெறும் நம்பரத் தருவான், இப்ப டப்பாவுக்குள்ள வச்சுத் தாரான்"னா. எனக்கு ஒரு எழவும் புரியல. "ஏட்டி, நம்ம கேக்குற முறையே மாறிப்போச்சுங்கியா?"ன்னேன். "அதேதான்க்கா, அதுக்குப் பேருதான் ஏபிஐ. சொல்லிட்டு மாத்துனது பூராவும் இங்க எழுதிருக்கான், ஒவ்வொண்ணாச் சரி பண்ணிட்டு வாரேன்"னா. சரி பண்ணவும் செஞ்சா. சிவப்பு சிவப்பா எரர் வந்தது எல்லாம் ஒவ்வொண்ணா அடங்கிச்சு.

கடைசியில பங்காளிக் கணக்கச் சோதிச்சுப் பாத்தா. எந்தச் சாமியப் போட்டுப் பாப்பா? நம்ம ஆளுக யாரா இருந்தாலும் தன் குலசாமியத்தான முதல்ல சொல்லுவோம். அவளுக்குக் குலசாமி இருளப்பசாமி. இருளப்பசாமின்னு போட்டா. இருளப்பசாமி ஆளு ஒருத்தரும் வரல, மத்தவுக எல்லாம் வந்தாங்க. "பாஸு"ன்னு கையத் தட்டிட்டு, எனக்கும் அண்ணாச்சிக்கும் ரவா தோசை வாங்கிக் குடுத்தா.

ஆடி பூராவும் ஒரு போன் இல்ல, ஒரு குறை இல்ல. அண்ணாச்சி, "இவ கை வச்சா வச்சதுதான்"னு வார போறவுககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

ஆவணி பிறந்துச்சு. எம்மா! காலையில கதவத் தொறக்குறதுக்குள்ள போனு அலறுது. எடுத்தா மம்சாபுரத்துப் பொம்பளை ஒருத்தி. "ஏட்டி, என்ன தகவல் மையம் நடத்துதிய? எம்மவளுக்கு என் கொழுந்தன் மகனக் காட்டுதிய, உங்களுக்கு எல்லாம் வெவஸ்தை இருக்கா?" அத வச்சா அடுத்தது. அதுவும் பங்காளி. அடுத்தது. நான் காத மாத்தி மாத்தி வச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன். நடுவுல ஒரு போனை அண்ணாச்சி எடுத்துப் பேசினாரு. அவரு பேசுனத நானும் காதுல வாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன், ஆனா அப்ப இருந்த களேபரத்துல மனசுல நிக்கல.

நான் பின் ரூமுக்கு ஓடுனேன். "ஏட்டி ஜோதி, ஊரையே அண்ணன் தங்கச்சியா ஆக்கிட்டியேடி!" அவ பதறல. இருளப்பசாமின்னு போட்டா. சரியா வருது. நெத்தியச் சுருக்குனா. "அக்கா, உங்க குலசாமி என்ன?" "மலையடி ஐயனார்"னேன். அதப் போட்டா. முத ஆளா வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கான் எங்க சித்தப்பா மகன்! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. அண்ணாச்சி சாமியப் போட்டா அவரு பங்காளிப் பயலுக வரிசையா நிக்கானுக.

அப்பத்தான் அவளுக்குப் பிடிபட்டுச்சு. எனக்குப் புரியுத மாதிரி சொன்னா. பழைய இன்ஜின் சாமி பேர முழுசா ஒண்ணா வச்சிருக்கும். புதுசுல அத முழுசா வைக்கணும்னு தனியாச் சொல்லணும், சொல்லாட்டி வார்த்தை வார்த்தையா வெட்டி வச்சுக்கிடும். மலையடி ஒரு பக்கம், ஐயனார் ஒரு பக்கம். "மலையடி ஐயனார் ஆளுகளத் தூக்கு"ன்னு சொன்னா, அப்படி முழுப் பேரா யாருமே இல்லையேன்னு ஒருத்தரையும் தூக்காது. எல்லாரும் உள்ள வந்துருவாங்க. எரரும் வராது. இருளப்பசாமி ஒத்த வார்த்தை. வெட்ட ஒண்ணும் இல்ல. அதனாலதான் அவ சாமி மட்டும் பிழைச்சுக்கிட்டாரு.

"என் சாமிய மட்டும் பாத்துட்டு ஊரு சாமிய விட்டுட்டேன்க்கா"ன்னா. முகம் செவந்துபோச்சு. அவசரத்துல ஒண்ண மாத்துனா, இப்ப வார்த்தையில ஒண்ணு ஒத்துப்போனாலும் தூக்கிருச்சு. எங்க பக்கம் எடுத்த வீட்டுக்கெல்லாம் ஐயனாருதான், அப்புறம் எப்படி? ஐயனார்னு இருக்க அம்புட்டுப் பேரும் காலி. ஊர்ல பொண்ணே இல்லைங்குது. அதையும் கழட்டிட்டு, சாமி பேர முழுசா வச்சுக்கன்னு ஒழுங்காச் சொல்லி, எல்லாருடைய விவரத்தையும் திரும்ப முதல்ல இருந்து ஏத்துனா. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சரியாயிருச்சு. என் சித்தப்பா மகன் மறைஞ்சு போனான். நான் அப்பாடான்னு டிபன் பாக்ஸத் தொறந்தேன்.

அவ தொறக்கல. "அக்கா, ஆடி பூராவும் பெரியவுகதான் பேசல. பையனும் பொண்ணும் நம்ம வெப்சைட்ல அவங்களாப் பாத்து, பிடிச்சிருக்குன்னு அமுக்கிருந்தா ஒருத்தர் நம்பர் ஒருத்தருக்குப் போயிருக்கும்லா?"ன்னுட்டு மறுபடியும் உக்காந்து பாத்தா. ஒரே சாமி உள்ள ரெண்டு பேரு, ரெண்டு பக்கமும் அமுக்குனது ஒரே ஒரு ஜோடி. வன்னியம்பட்டி கௌதம்ராஜ், பட்டாளத்துல இருக்கான், ராஜஸ்தான்ல. தேவதானத்துப் பொண்ணு மாரீஸ்வரி, பேண்டேஜ் கம்பெனியில சூப்பர்வைசர். ரெண்டு பேருக்கும் ஆத்துமேட்டு ஐயனார்.

தேவதானம்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. காலையில அண்ணாச்சி எடுத்த போனு தேவதானத்துச் சேதுபதி போனு. பொண்ணுக்கு அப்பா. "உங்க மையத்துல பாத்த பையன்னு எம்மவ சொல்லுதா, விசாரிச்சா அவன் பங்காளி. நீங்களா காட்டுனிய?"ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு எங்க அண்ணாச்சி, அப்ப இன்ஜின் கெட்டது அவருக்குத் தெரியாது, நெஞ்ச நிமித்திக்கிட்டு, "எங்ககிட்ட பங்காளி வரவே மாட்டான். உங்க பொண்ணு வேற எங்கயாவது பழகிட்டு எங்க பேரச் சொல்லுதா"ன்னுட்டாரு.

நான் சொல்லி முடிக்கல, நாகஜோதி எந்திரிச்சுட்டா. அவ அப்படி முழிச்சு நான் பாத்ததில்ல. "பங்காளிப் பயகூட ஒரு மாசம் போன்ல பேசுனவ, அதையும் மறைச்சுப் பொய் சொன்னவ. இந்நேரம் ஊரு இதத்தானக்கா பேசிக்கிட்டு இருக்கும்? இந்தப் பேரு அந்தப் பிள்ளைக்கு என்னாலல்லா வந்துச்சு!" வண்டிச் சாவிய எடுத்துட்டா.

அண்ணாச்சி வாசல்ல நின்னாரு. "போன்ல சொல்லிக்கிடலாம்மா. ஒரு வரன் போச்சுன்னா போச்சு. நாமளே போயி எங்க இன்ஜின் கெட்டுப்போச்சுன்னு சொன்னா மையத்த மூட வேண்டியதுதான். அதுவும் நீ போயி ஒரு கல்யாணப் பொண்ணு வீட்டுல முன்னால நிக்கணுமா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஆனா அவளே பதில் சொன்னா, சத்தம் போடாம. "அண்ணாச்சி, பொண்ணு பொய் சொன்னான்னு நீங்கதான் சொன்னிய. போன்ல நீங்க சொன்னத போன்ல நான் மாத்திச் சொன்னா எவரும் நம்ப மாட்டாங்க. நேர்ல போனாத்தான் நம்புவாங்க. மையத்த மூடுனா இன்னொண்ணு தொறக்கலாம்." அண்ணாச்சி வழிய விட்டாரு. நான் வண்டிக்குப் பின்னால ஏறி உக்காந்துட்டேன். என்னைய யாரும் கூப்பிடல, ஆனா நான் போகாம இருப்பேனா?

சேத்தூரு தாண்டி தேவதானம் போய்ச் சேந்தோம். சேதுபதி வீட்டு முன்னால அஞ்சாறு செருப்பு கிடக்கு. உள்ள சொந்தக்காரங்க கூடிருக்காங்க. சேதுபதி கட்டில்ல குனிஞ்சு உக்காந்திருக்காரு. பக்கத்துல மகளுடைய போனு, அவரு கைக்கு எட்டுத இடத்துல. அடுப்படி வாசல்ல மாரீஸ்வரி நிக்கா. அழுது வீங்குன முகம், ஆனா தலை குனியல. வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். அவ சித்தி மாடத்தி, அவதான் அங்க பெரிய வாயி, "கம்பெனிக்குப் போறேன் கம்பெனிக்குப் போறேன்னு போயி எவன்கிட்டப் பழகுனாளோ"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. பிள்ளை காதுல விழத்தான் சொல்லுதா.

நாகஜோதி நடு வீட்டுல போயி நின்னா. "அண்ணாச்சி, நான் அந்தத் திருமண மையத்துல வேலை பாக்கேன். அந்தத் தேடுத இன்ஜின் என் வேலை. ஆடியில அத மாத்துனேன். மாத்தும்போது பங்காளிய விலக்குத இடத்துல தப்பு பண்ணிட்டேன். உங்க பொண்ணுக்கு அந்தப் பையனக் காட்டுனது நாங்கதான். அவ பொய் சொல்லல. பங்காளி வர மாட்டான்னு நாங்க எழுதிப் போட்டத நம்பித்தான் பேசிருக்கா. காலையில எங்க முதலாளி விவரம் தெரியாமச் சொல்லிட்டாரு. தப்பு என்னோடது."

சேதுபதி நிமிந்து பாத்தாரு. மாடத்திதான் முதல்ல வாயத் தொறந்தா. "நீ மம்சாபுரத்துக் கொத்தனாரு மகதான? புருசன விட்டுட்டு வந்தவளாச்சே. நீ வந்து எங்க வீட்டுப் பொண்ணுக்கு நல்லவள்னு பத்திரம் எழுதுதியாக்கும்?"

நான் பாய்ஞ்சிருப்பேன். நாகஜோதி என் கையப் பிடிச்சுக்கிட்டா. "ஆமா, விட்டுட்டுத்தான் வந்தேன். அதுக்கு எனக்கும் ஊரு இப்படித்தான் பேரு வச்சுச்சு. ஒரு பேரு விழுந்தா அதக் கழுவ எம்புட்டு நாளாகும்னு எனக்குத் தெரியும். அதான் இன்னைக்கே வந்தேன்"னா. எனக்கு அந்த நிமிசம் அவளக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கணும் போல இருந்துச்சு.

சேதுபதி மெதுவாக் கேட்டாரு, "அப்ப எம்மவ பொய் சொல்லல?"

"சொல்லல அண்ணாச்சி."

அவரு ரொம்ப நேரம் மகளப் பாத்தாரு. பொறவு போன எடுத்து, அவகிட்ட நீட்டுனாரு. அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாடத்தி சேலைத் தலைப்பு நுனிய நோண்டிக்கிட்டு நிக்கா.

போன் கைக்கு வந்ததும் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு நினைக்கிய? உள்ள போயி அழும்னு நான் நினைச்சேன். அழல. அவ்வளவு பேரு முன்னால நாகஜோதியப் பாத்துக் கேட்டா, "அக்கா, உங்க இன்ஜின் ஐயனார மட்டுந்தான கேக்குது? எந்தப் பீடத்துல பொங்கல் வைக்கோம்னு கேக்குதா?"

நாகஜோதி முழிச்சா. "இல்லையே."

"எங்க ஆத்துமேட்டு ஐயனார் கோயில்ல ஐயனாரு எல்லாருக்கும் பொது. பத்து ஊரு சனம் வரும். சுத்தி நிக்குத பீடம்தான் அவங்கவங்களோடது. ஒரே பீடத்துல பொங்கல் வைக்கவுகதான் பங்காளின்னு எங்கப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். கோவத்துல அவரே அத மறந்துட்டாரு, காலையில இருந்து எவரும் அதக் கேக்கல. நான் பேச வந்தா வாயப் பொத்துங்காங்க."

சொல்லிக்கிட்டே நம்பர அமுக்கி ஸ்பீக்கர்ல போட்டுட்டா. சேதுபதி வாயத் தொறக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் கௌதம்ராஜ் எடுத்துட்டான். லீவுல வன்னியம்பட்டிக்கு வந்திருக்கான்.

"மாரி! எங்க போன? காலையில இருந்து..."

"எல்லாரும் கேக்காங்க, ஒழுங்காப் பேசுங்க. பங்குனி உத்தரத்துக்கு நீங்க ஆத்துமேட்டுல எந்தப் பீடத்துல பொங்கல் வைப்பிய?"

"பீடமா? நான் எங்க உத்தரத்துக்கு ஊர்ல இருந்தேன், எனக்கு எங்க லீவு குடுக்கான்? இரு, அம்மாகிட்டக் கேக்கேன்." தூரத்துல ஒரு பொம்பளைச் சத்தம். அதுதான் வெள்ளைத்தாயி, அவன் அம்மா. "எவலே அவ? அந்த தேவதானத்துக்காரியா? பங்காளிப் பொண்ணுகூட இன்னும் என்னலே பேச்சு?" "அம்மா, பீடம் என்ன பீடம்னு மட்டும் சொல்லு." "எதுக்குலே? நம்மளுக்கு என்னைக்கும் சங்கிலி மாடன்தான். தெக்குப் பக்கம்."

இங்க எல்லாரும் சேதுபதியப் பாத்தாங்க. அவரு கட்டில்ல இருந்து எந்திரிச்சு நின்னாரு. "நாங்க வடக்குப் பக்கம். ராக்காச்சி"ன்னாரு. பொறவு போன்கிட்டக் குனிஞ்சு, ஏதோ மைக்கு முன்னால பேசுதவரு மாதிரி, "நாங்க ராக்காச்சி பீடம், கேக்குதா? ராக்காச்சி!"ன்னு கத்துனாரு.

அந்தப் பக்கம் பய கையில இருந்து போனப் பிடுங்குத சத்தம். பொறவு வெள்ளைத்தாயி, "ராக்காச்சியா? அப்ப மாமன் மச்சான் முறையால்லா வருது! இத காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான, வீணா எம்மவன ஏசிட்டேனே!"ன்னா. வீடே சிரிச்சுருச்சு. மாரீஸ்வரி அப்பத்தான் முகத்த மூடிக்கிட்டு அழுதா.

திரும்பி வரும்போது நாகஜோதி வண்டிய விரட்டுனா. ஆபீசுக்கு வந்து முதல்ல அண்ணாச்சிகிட்டப் போனா. "அண்ணாச்சி, இன்ஜின் கெட்டுப் போனதாலதான் இந்த வரன் வந்துச்சு. அது நல்லா ஓடுன காலத்துல இந்த மாதிரி எத்தனை பேர நாம தூக்கி எறிஞ்சிருப்போம்? சாமி மட்டும் போதாது. பீடமும் கேக்கணும்"னா. அண்ணாச்சி சேர இழுத்துப் போட்டு போனுக்கு முன்னால உக்காந்தாரு. பொறவு, "சேதுபதிக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்"னாரு. கேட்டாரு. எங்க காதுபடவே கேட்டாரு. அதுல அவர எனக்கு மறுபடியும் பிடிச்சுப்போச்சு.

அடுத்து வந்த நாளெல்லாம் எனக்குத்தான் வாயி வலிச்சுச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "உங்க கோயில்ல என்ன பீடம்?"னு கேக்கணும். சில பேரு அஞ்சு நிமிசம் கோயில் கதையே சொல்லுவாவ. நாகஜோதி இன்ஜின்ல சாமிக்குப் பக்கத்துல பீடத்துக்கும் இடம் போட்டா. இந்தத் தடவை சோதிக்கும்போது அவ சாமிய மட்டும் போட்டுப் பாக்கல. எங்க பக்கத்துச் சாமி ஒவ்வொண்ணா, பீடம் ஒவ்வொண்ணா என்னையக் கேட்டுக் கேட்டுப் போட்டா. பழைய ஆளுக சில பேருக்குப் புதுசா வரன் வந்துச்சு. சில பேருக்கு, அய்யோ, இந்தப் பொண்ணா, போன தையிலதான் வேற இடத்துல கட்டிக் குடுத்தாவன்னு ஆச்சு. அதச் சொல்லும்போது அவ கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிடுவா. என்ன செய்ய?

கௌதம்ராஜுக்கும் மாரீஸ்வரிக்கும் ஆவணியிலயே முகூர்த்தம் வச்சாச்சு, அவன் லீவு முடியுறதுக்குள்ள. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மண்டபம். எங்க மூணு பேருக்கும் பத்திரிகை வச்சாங்க. நாகஜோதி வர மாட்டேன்னா. "கல்யாண வீட்டுல நான் எதுக்குக்கா?" நான் விட்டேனா? "ஏட்டி, நீ வராட்டி நானும் போக மாட்டேன், அப்புறம் சாப்பாடு போச்சேன்னு ஆயுசுக்கும் உன்னைய ஏசுவேன்"ன்னு இழுத்துட்டுப் போனேன். போயும் பின் வரிசையில தூணுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

மேளம் ஓங்கிச்சு. கௌதம்ராஜ் தாலிய எடுத்தான். முத முடிச்சு மாப்பிள்ளை போடணும், மத்த ரெண்டு முடிச்சும் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த பொம்பளை போடணும். கௌதம்ராஜ் வெள்ளைத்தாயிக்கு ஒத்தப் பிள்ளை. பெரியப்பா மகளும் சித்தப்பா மகளுமா நாலஞ்சு பேரு மேடையில சேலையச் சரி பண்ணிக்கிட்டுத் தயாரா நிக்காளுக.

வெள்ளைத்தாயி அவளுகளப் பாக்கல. மேடையில இருந்து கூட்டத்துக்குள்ள கண்ண ஓட்டுனா. "ஏட்டி நாகஜோதி! எங்க இருக்க? வா இங்க."

நாகஜோதி எந்திரிக்கல. நான் இடுப்புல ஒரு குத்து விட்டேன். எந்திரிச்சு நின்னு, "பெரியம்மா, நான்... என் விசயம் உங்களுக்குத் தெரியும்லா. நல்ல காரியத்துல வேண்டாம்"னா.

"தெரியும், எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடுதேன். இவன் வாழ்க்கைக்காக அன்னைக்கு ஒரு வீட்டுல போயி ஒத்தையா நின்னு ஏச்சு வாங்குனவ நீதான். கூடப் பிறந்தவ அதத்தான செய்வா? மேளம் அடிச்சுக்கிட்டு இருக்கு, நேரம் போகுது, வாட்டி!"

கீழ குசுகுசுன்னு பேச்சு. மேடையில ஒருத்தி, "என்ன மதினி, அத்துட்டு வந்தவளையா..."ன்னு ஆரம்பிச்சா. வெள்ளைத்தாயி திரும்பி ஒரு பார்வை பாத்தா. அவ ஒதுங்கி வழி விட்டா.

நாகஜோதி நடந்து போனா. அந்த மண்டபத்துல அத்தனை பேரு முன்னால, ஓரமா ஒதுங்கி இல்ல, நடு வழியா நடந்து போயி மேடையில ஏறுனா. நான் சொல்லுதேன், அப்ப அவ முகத்தப் பாத்திருக்கணும். எனக்கு அழுகை பொங்கிக்கிட்டு வந்துச்சு, எங்க அண்ணாச்சி வேட்டி நுனியால கண்ணத் தொடைக்காரு. கௌதம்ராஜ் முத முடிச்சப் போட்டான். அவ மாரீஸ்வரிக்குப் பின்னால குனிஞ்சு மஞ்சக் கயித்தப் பிடிச்சா. ரெண்டாவது முடிச்சு போட்டா. மூணாவது போட்டா. போட்டுட்டு, ரெண்டு விரலால ஒரு தடவை இழுத்துப் பாத்தா. நல்லா நின்னுச்சு.